அரை நிமிஷ ஒத்திகை

மூக்கை விரலால் பிடித்துக்கொண்டு, வாயை இறுக மூடி, உள்ளுக்குள்ளேயே ஊதிப் பார்த்தாள் மங்கையர்க்கரசி, காது திறக்கவில்லை. இன்னொரு தடவை ஊதலாமா, ஐயோ வேண்டாம், முரட்டுத்தனமாக ஊதினால் ஜவ்வு கிழிந்துபோகும் என்று பல்லாவரத்து டாக்டர் சொல்லியிருக்கிறார், அவரிடம் இவள் துணிக்கடையில் வேலை பார்ப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறாள் என்பது வேறு விஷயம். விளக்கடித்து இரண்டு காதையும் பார்த்துவிட்டு, உள்ளே நீர் கோத்திருக்கிறது, சளி வடிகிற வரைக்கும் விமானத்தில் கிமானத்தில் ஏறிவிடாதீர்கள், இறங்கும்போது ஜவ்வு வெடித்தால் அப்புறம் ஆயுசுக்கும் ஏற முடியாது என்று அவர் சொன்னார். நமக்கெல்லாம் எங்கே சார் விமானம் என்று சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்புக்கே ஒரு மெடல் குத்தலாம். அந்தத் துணிக்கடைக்காரிதான் இப்போது நீலச் சீருடையும் கழுத்தில் மஞ்சள் ஸ்கார்ஃபுமாக, பெங்களூரிலிருந்து தூத்துக்குடிக்குப் போகிற சின்ன விமானத்தின் வால் பக்கத்தில், டீ போடுகிற மூலையில், திரைக்குப் பின்னால் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு பெரிய விசிறி சுற்றுகிற விமானம், டவுன் பஸ் மாதிரி ஊர் ஊராக நின்று போகும், ஒரு நாளைக்கு நாலு ஏற்றம், நாலு இறக்கம். ஏற்றத்தில் ஒரு தொந்தரவும் கிடையாது, அடைத்திருக்கிற காதுகூட ஏறும்போது தானாகத் திறந்துகொள்ளும். இறங்கும்போதுதான் வினை. கீழே போகப் போக வெளிக்காற்று காதை அமுக்கும், உள்ளே இருக்கிற சளி விட மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கும், விசில் அடைத்துக்கொண்ட குக்கரை அடுப்பிலிருந்து இறக்கவும் முடியாமல் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாமல் நிற்பதுபோல நிற்க வேண்டும். வலது காது பெங்களூரில் ஏறும்போதே சரியாகத் திறக்கவில்லை. இடது காது இப்போது, இந்த நிமிஷம், மெதுவாக மூடிக்கொண்டிருக்கிறது, விசிறிச் சத்தம் தள்ளித் தள்ளிப் போகிறது, யாரோ கதவைச் சாத்துகிற மாதிரி, கொஞ்சம் இரு, கொஞ்சம் இரு, இன்னும் இறங்கவே ஆரம்பிக்கவில்லையே.

உடம்புக்கு முடியவில்லை என்று ஒரு போன் போட்டுவிட்டு அனகாபுத்தூர் வீட்டில் கவிழ்ந்து படுத்திருக்கலாம், கதிர் அதைத்தான் சொன்னான். கதிர் அவள் புருஷன், இதே கம்பெனியில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலையில் இருந்தவன், முதல் சுற்று ஆட்குறைப்பிலேயே அவனுக்கு அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள், இப்போது பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். காது போச்சுன்னா என்னடி பண்ணுவே என்று கேட்டான். வேலை போச்சுன்னா நீ என்னடா பண்ணுவே என்று இவள் திருப்பிக் கேட்டாள், கேட்டிருக்கக் கூடாது, அவன் முகம் சுண்டிப்போய் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனான், அந்த முகம் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அவனுக்குத் தெரியாதா என்ன, ஹசீனா கதை அவனுக்கும் தெரியும். ஹசீனா நேர்மையான பெண், ஜுரம் என்றால் ஜுரம் என்று சொல்லுகிறவள், போன மாசம் சளி என்று போன் போட்டாள், கண்ணா உடம்பைப் பார்த்துக்கோ என்று அந்தப் பக்கத்திலிருந்து தேனாகத்தான் பேசினார்கள். சளி சரியான பிறகு வேலை நேரம் போடுகிற செயலியைத் திறந்து பார்த்தால் அவளுக்கு ஒரு விமானமும் இல்லை. அடுத்த வாரமும் இல்லை. யாரும் வேலையை விட்டுப் போ என்று சொல்லவில்லை, சத்தமில்லாமல் அவள் பெயருக்கு எதிரே வெள்ளையாக விட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் எல்லோருக்கும் ஒரே பயம், காலையில் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் செயலியைத் திறந்து பெயருக்கு எதிரே ஏதாவது நிறம் இருக்கிறதா என்று பார்க்கிற பயம். கம்பெனி மூன்று விமானத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. மிச்சம் இருக்கிற விமானத்துக்குப் பணிப்பெண்கள் அதிகம், ஒரு ஜோடிக்கு ஒருத்தி போனால் சரியாக இருக்கும் என்று கம்பெனியின் கிண்டி ஆபீஸில் பேசிக்கொள்கிறார்கள், யார் போகிறது என்பதை யார் அதிகம் லீவு போட்டார்கள் என்பதை வைத்து முடிவு செய்யப்போகிறார்களாம். அப்படியென்றால் சளி பிடித்தவள் பறக்க வேண்டும், சளி பிடிக்காத மாதிரிப் பறக்க வேண்டும். எச்சிலை விழுங்கினாள். காதுக்குள் ஏதோ கிரீச் என்றது, திறந்துவிட்டதா, இல்லை, பல் உரசியது.

ஒரு ஜோடிக்கு ஒருத்தி. ஜோடியில் இன்னொருத்தி அதோ, திரையை விலக்கினால் நேர் எதிரே தெரிவாள், விமானத்தின் முன்கோடியில், ரெய்னா மச்சாது. தூத்துக்குடிப் பெண், சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, வேலைக்கு வந்த புதிதில் அக்கா அக்கா என்று முந்தானையைப் பிடிக்காத குறையாகச் சுற்றினாள், மங்கைதான் அவளுக்குக் கதவைத் திறக்கிற விதத்திலிருந்து குடிகாரப் பயணியிடம் சிரிக்காமல் பேசுகிற விதம் வரைக்கும் சொல்லிக் கொடுத்தாள். ஆட்குறைப்புப் பேச்சு வந்ததிலிருந்து ரெய்னாவின் பேச்சு குறைந்துவிட்டது. முன்பெல்லாம் வெளியூரில் தங்கினால் ஆளுக்கு ஓர் அறை கொடுப்பார்கள், இப்போது செலவைக் குறைக்கிறோம் என்று இரண்டு பேருக்கு ஓர் அறை, ஒரே கட்டில். நேற்று பெங்களூரில் அந்த ஒரே கட்டிலில் ஆளுக்கொரு ஓரமாக முதுகைக் காட்டிக்கொண்டு படுத்துக் கிடந்தார்கள். குளியலறைக்குப் போன ரெய்னா வெளியே வரவே இல்லை, குழாயைத் திறந்துவிட்டு உள்ளேயே இருந்தாள், தண்ணீர் ஓடுகிற சத்தத்துக்கு அடியில் என்னவோ சத்தம், பேச்சா, அழுகையா. யாரிடம் பேசுகிறாள் என்று மங்கைக்குச் சந்தேகம் தட்டியது. ஏனென்றால் மங்கையும் அதற்கு முன்னால் அதே குழாயைத் திறந்துவிட்டுத்தான் இருமினாள், மூக்குச் சொட்டு விட்டுக்கொண்டாள், காலிப் பாட்டிலைக் கழிவறைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பைக்குள் ஒளித்தாள். கண்டுபிடித்துவிட்டாளோ. கண்டுபிடித்துத்தான் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு கிண்டி ஆபீஸுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாளோ. அப்படியெல்லாம் செய்கிற பெண்ணா அவள், சீச்சீ, இல்லை, ஆனால் யார்தான் அப்படிப்பட்டவர்கள், வயிற்றுப்பாடு என்று வந்துவிட்டால் எல்லோரும் ஒரே மாதிரித்தான், இவளே டாக்டரிடம் துணிக்கடை என்று சொல்லவில்லையா. இன்று காலையிலிருந்து அவள் இவளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், அதுதான் உறுத்துகிறது. தண்ணீர் கொடுக்கும்போது பார்க்கிறாள், குப்பை வாங்கும்போது பார்க்கிறாள், கண் கொட்டாமல் முகத்தையே பார்க்கிறாள், இவள் திரும்பிப் பார்த்தால் சட்டென்று ஒரு சிரிப்பு. ஒருத்தி தடுக்கி விழட்டும் என்று காத்திருக்கிறவள் பார்க்கிற பார்வை அது, வேறென்ன.

விமானம் மூக்கைத் தாழ்த்தியது, இறங்க ஆரம்பித்துவிட்டது. மங்கை திரையை ஒதுக்கிக் கட்டினாள், டீ வண்டியைப் பூட்டினாள், ஒவ்வொரு வரிசையாகப் போய் பெல்ட் போட்டிருக்கிறார்களா, நாற்காலியை நிமிர்த்தியிருக்கிறார்களா என்று பார்த்தாள், சிரித்தாள், புளிப்பு மிட்டாய் கொடுத்தாள், காது அடைக்காம இருக்கும் சார் என்று சொல்லிக் கொடுத்தாள், சொல்லும்போதே அவள் குரல் அவளுக்கே கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. கத்துகிறேனா, முணுமுணுக்கிறேனா, தெரியவில்லை. மிட்டாய் வாங்கியவர் எதையோ கேட்டார், உதடு அசைந்தது, இவள் தலையை ஆட்டி வைத்தாள், அவர் விழித்தார், ஆமாம் என்று சொல்லக் கூடாத எதையோ கேட்டிருக்கிறார் போலிருக்கிறது. நடு வரிசையில் திருச்செந்தூருக்கு மொட்டை போடப் போகிற குடும்பம், கைக்குழந்தைக்குத் தலை கொள்ளாத முடி, அது வாயை அகலமாகத் திறந்து முகம் சிவக்க அழுகிறது, அழுகை கேட்கவில்லை. அதற்கும் காது வலிக்கிறது. பால் கொடுங்கம்மா, விழுங்கினா சரியாயிடும் என்று தாயிடம் சொன்னாள், பாவம், அது யாரிடமும் மறைக்க வேண்டியதில்லை, வலித்தால் வாயைத் திறந்து அழுதுவிடலாம். அந்தச் சின்ன வாய் திறந்திருப்பதையும் அதிலிருந்து ஒன்றுமே வராததையும் பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. ஒரு குழந்தை கையெட்டுகிற தூரத்தில் வீறிடுவது கேட்கவில்லை என்றால் வேறு என்ன கேட்கும்.

வால் கோடியில் நடைபாதைக்கு நேராக இருக்கிற மடக்கு இருக்கையைக் கீழே இறக்கி, முன்னால் பார்த்து உட்கார்ந்து, தோளிலும் இடுப்பிலும் பட்டையைப் போட்டுக்கொண்டாள். அந்தக் கோடியில் ரெய்னாவும் இதேபோல ஒரு மடக்கு இருக்கையில், பின்னால் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். நடுவில் எழுபது தலை, இரண்டு முனையிலும் எதிரும் புதிருமாக இரண்டு பெண்கள். உட்கார்ந்ததும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, பயிற்சியில் முதல் வாரமே மண்டையில் ஏற்றிவிடுவார்கள், ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒவ்வொரு இறக்கத்துக்கும் அரை நிமிஷம் மனசுக்குள் ஓர் ஒத்திகை. இப்போது விமானம் தரையில் மோதினால் என்ன செய்வேன். கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொள்ள வேண்டும், என் கதவு எது, இடது பக்கம். கைப்பிடியைத் திருப்புவதற்கு முன் என்ன, ஜன்னல் வழியாக வெளியே நெருப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என்ன சொல்லிக் கத்துவேன், பெல்ட்டை அவிழுங்கள், பெட்டியை விடுங்கள், இந்தப் பக்கம் வாருங்கள். யார் எனக்கு உதவுவார்கள். இங்கேதான் முள்ளில் துணி மாட்டினாற்போல மாட்டிக்கொள்கிறது. யார் எனக்கு உதவுவார்கள், கடைசி வரிசையில் வெள்ளைச் சட்டை போட்ட இந்த உப்பளக்காரர், பார்த்தால் திடமாக இருக்கிறார், சரி. முன்னால் ரெய்னா. ரெய்னா உதவுவாளா. ரெய்னா இன்றைக்கு என்னைப் பற்றி என்ன சொல்லப்போகிறாள். ஒரு ஜோடிக்கு ஒருத்தி. கதிர் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போகிறான். வெள்ளையாக இருக்கிற செயலி. சீ, மறுபடியும் ஆரம்பி, என் கதவு எது, இடது பக்கம்.

மணி ஒன்று அடிக்க வேண்டும், அதுதான் இப்போது உயிர். தரை நெருங்குவதற்கு முன் விமானி ஒரு பொத்தானை அமுக்குவார், இரண்டு கோடியிலும் டிங் என்று ஒரு மணி அடிக்கும், கூரையில் ஒரு சின்ன விளக்கு எரியும். மங்கைதான் மூத்தவள், பக்கத்தில் மாட்டியிருக்கிற ரிசீவரை எடுத்து, கேபின் ரெடி கேப்டன் என்று சொல்ல வேண்டும். அவள் எடுக்காவிட்டால் ரெய்னா எடுக்கலாம். அந்த ஒரு சொல் காதில் விழாமல் எந்த விமானியும் சக்கரத்தைத் தரையில் வைக்கக் கூடாது, சட்டம் அது. விளக்கு இருக்கிறதே, அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதாதா என்றால், அவளுடைய விளக்கு அவள் தலைக்குப் பின்னால் இருக்கிறது, ரெய்னா தலைக்கு மேலே இருப்பது இங்கிருந்து தெரியும்தான், ஆனால் விமானம் திரும்பும்போதெல்லாம் ஜன்னல் வழியாக வெயில் கூரையில் ஏறி விழுகிறது, எரிகிறதா இல்லையா என்றே சொல்ல முடியாது. அதனால் இன்று காலை முதல் இறக்கத்திலேயே அவள் ஓர் உபாயம் கண்டுபிடித்துவிட்டாள். மணி அடித்தால் ரெய்னாவின் கண் தானாக மேலே போகும், எல்லோருக்கும் போகும், அது பழக்கம். ரெய்னாவின் கண் மேலே போனால் மங்கை ரிசீவரை எடுத்தால் சரி. ரெய்னாவின் முகத்தை அவள் தன் காதாக வைத்துக்கொண்டாள். சும்மா சொல்லக்கூடாது, அந்த இறக்கத்தில் அது பிசகாமல் வேலை செய்தது, அப்போது இடது காதும் கொஞ்சம் கேட்டது. தன்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறவளின் முகத்தையே நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே என்று நினைத்தால் சிரிப்பு வர வேண்டும், வரவில்லை. வலது காதுக்குள் ஊசி இறங்கியது. கண்ணில் நீர் கட்டியது, துடைக்கக் கூடாது, துடைத்தால் அவள் பார்ப்பாள், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள், அங்கிருந்து இமைக்காமல் இவள் முகத்தையே வெறித்துக்கொண்டிருக்கிறாள், ஏண்டி இப்படிப் பார்க்கிறாய், அப்படி நான் உனக்கு என்ன செய்துவிட்டேன். வெடித்துவிடுமோ. வெடித்தால் ரத்தம் வருமாமே, காதிலிருந்து சீருடைக் காலரில் வடிந்தால் எப்படி மறைப்பது, ஸ்கார்ஃப், ஸ்கார்ஃபை இழுத்துவிட்டுக்கொள்ளலாம். இப்படியெல்லாமா ஒரு மனுஷி யோசிப்பாள். ஜன்னலில் கடல் வந்துவிட்டது, அனல் மின்நிலையத்துப் புகைபோக்கிகள் சாய்ந்து தெரிந்தன, உப்பளங்கள் பாத்தி பாத்தியாகக் கண்ணைக் கூசவைத்தன. இவ்வளவு கீழே வந்தாயிற்றா. இந்த இடம் வருவதற்குள் மணி அடித்திருக்க வேண்டுமே. ரெய்னாவைப் பார்த்தாள், ரெய்னாவின் கண் மேலே போகவில்லை, சரி, அப்போது இன்னும் அடிக்கவில்லை. சக்கரம் இறங்குகிற அதிர்வு காலுக்கடியில் வந்தது. இன்னுமா அடிக்கவில்லை. கேப்டன் ஸ்ரீவத்சன் மறக்கிற ஆள் இல்லை, வாயைத் திறந்தால் கேலி, இவளை மேங்கோ மேங்கோ என்று கூப்பிடுவார், ஆனால் வேலையில் ஒரு புள்ளி விட மாட்டார். முள்ளுக்காடு ஓடுகிறது, ஒரு ரோடு, ரோட்டில் ஒரு லாரி, லாரியின் தார்ப்பாய்கூடத் தெரிகிறது. ரெய்னாவைப் பார்த்தாள். ரெய்னா இவளைப் பார்த்தாள்.

கடைசி வரிசை உப்பளக்காரர் திரும்பி என்னவோ சொன்னார். மங்கை வழக்கமான சிரிப்பைச் சிரித்தாள். அவர் மறுபடியும் சொன்னார், உதடு பெரிதாக அசைந்தது, அவளுக்குப் பின்னால் கூரையைக் கையால் காட்டினார். அவள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக, கடவுளே, எவ்வளவு நேரமாக. திரும்பி ரெய்னாவைப் பார்த்தாள், ரெய்னா தலைக்கு மேலேயும் வெயிலுக்குள் அந்த விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, ரெய்னாவின் கண் மேலே போகவே இல்லை, அது இவள் முகத்திலேயே குத்திட்டு நின்றது, இவள் கழுத்தைத் திருப்பியதைப் பார்த்த பிறகுதான் அவள் பதறிப்போய் அண்ணாந்து பார்த்தாள். அப்போதுதான் மங்கைக்கு விளங்கியது. வேவு பார்க்கிற பார்வை இல்லை அது. இவள் அவள் முகத்தை எதற்காகப் பார்த்துக்கொண்டிருந்தாளோ அதே காரியத்துக்காகத்தான் அவளும் இவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு உள்ளே மூக்கைத்தான் சிந்தியிருக்கிறாள். ஒரே கட்டில், ஒரே சளி, ஒரே பயம். எழுபது பேரை வைத்துக்கொண்டு இரண்டு செவிடுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். நெருப்புப் பிடித்து, எல்லோரையும் வெளியேற்று என்று கேப்டன் கத்தியிருந்தால். நினைத்து முடிப்பதற்குள் இருக்கை முதுகில் அறைந்தது, விசிறிகளின் அதிர்வு பல்லுக்குள் ஏறியது, தரை சாய்ந்து விலகிக் கீழே போனது. பதில் கிடைக்காததால் கேப்டன் இறங்காமல் மறுபடி மேலே தூக்கிவிட்டார்.

ஏற ஏறக் காது திறந்தது. முதலில் பொட்டென்று ஒரு சத்தம், பிறகு படபடவென்று நாலைந்து, அதற்கப்புறம் உலகமே உள்ளே கொட்டியது, விசிறி இரைச்சல், யாரோ முருகா முருகா என்று சொல்வது, எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் குழந்தையின் வீறல், இவ்வளவு நேரமும் அது இப்படியா அழுதுகொண்டிருந்தது. அதன் நடுவே டிங். என்ன துல்லியமான சத்தம் அது. ரிசீவரை எடுத்தாள், அந்தக் கோடியில் ரெய்னாவும் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். கேப்டன் மேங்கோ என்று சொல்லவில்லை.

"மங்கை, என்ன ஆச்சு அங்கே? மூணு தடவை கூப்பிட்டேன்."

மணி வேலை செய்யவில்லை கேப்டன். அவ்வளவுதான், அந்த ஒரு வாக்கியம் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்துவிட்டது, எவ்வளவு சுலபம். தூத்துக்குடியில் மெக்கானிக் வந்து பார்ப்பான், நன்றாகத்தானே இருக்கிறது என்று தலையைச் சொறிவான், இரண்டு நாள் பேசுவார்கள், மறந்துவிடுவார்கள், இவள் பெயருக்கு எதிரே நிறம் இருக்கும். இப்போது காதும் கேட்கிறது, யாருக்கு என்ன தெரியப்போகிறது. ஆனால் ஏறிய விமானம் இறங்கித்தானே ஆக வேண்டும். இன்னும் கொஞ்ச நேரத்தில் அதே கடல், அதே உப்பளம், அதே இறக்கம், மறுபடியும் கதவு சாத்திக்கொள்ளும், அந்தக் குழந்தை வாயைத் திறந்து சத்தமில்லாமல் அழும். வேலை போய்விடுமே என்ற பயம் நெஞ்சுக்குள் நின்றது, அதன் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு இன்னொரு பயம் முன்னால் வந்தது, தைரியம் என்று அதற்குப் பெயர் வைக்கிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும், அவளுக்குத் தெரியும் அது பயம்தான்.

"எனக்குக் காது கேக்கலை கேப்டன். சளி. சொல்லாம ஏறிட்டேன். ஏறும்போது திறந்திருக்கு, இறங்கினா மறுபடி அடைச்சிடும்."

ரெய்னா ஏன் எடுக்கவில்லை என்று அவர் கேட்கப்போகிறார், என்ன சொல்வது, அவள் எழுந்து போயிருந்தாள் என்று சொல்லலாமா, பெல்ட் சிக்கிக்கொண்டது என்று சொல்லலாமா, ஒரு ஜோடிக்கு ஒருத்தி என்றால் அந்த ஒருத்தியாவது மிஞ்சட்டும். நான்தான் அவளிடம் ரிசீவரை எடுக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தேன் கேப்டன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் போனில் இன்னொரு குரல் வந்தது, மூக்கடைத்த குரல், கேட்டாலே தெரிந்துபோகிற குரல், நேற்றிலிருந்து இதைத்தான் பேச்சைக் குறைத்து மறைத்துக்கொண்டிருந்தாளா.

"எனக்கும் கேக்கல கேப்டன். அக்காவப் பாத்துத்தான் நான் எடுப்பேன். அக்கா எடுக்கல, அதான் நானும் எடுக்கல."

எழுபது தலைக்கு அப்பால் அவள் அழுதுகொண்டிருந்தாள், ரிசீவரைக் கீழே வைக்காமலே அழுதுகொண்டிருந்தாள். கேப்டன் திட்டுவார் என்று மங்கை தோளைக் குறுக்கிக்கொண்டாள். அவர் திட்டவில்லை. அவருக்கும் போன மாசம் பாதி நாள்தான் விமானம் கொடுத்தார்கள், எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இதை நான் எழுதித்தான் ஆகணும், தெரியுமில்லையா என்றார். தெரியும் கேப்டன் என்றாள். கேபின் இப்போது சரியாக இருக்கிறதா என்று கேட்டார், இவள் நின்று பார்த்து, ரெய்னா அங்கிருந்து பார்த்து, கேபின் ரெடி கேப்டன் என்று இப்போதே சொன்னார்கள். அப்புறம் அவர் சொன்னார், மெதுவாக இறக்குகிறேன், ஏதாவது ஆபத்து என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தால் சீட் பெல்ட் விளக்கை அணைத்து அணைத்துப் போடுவேன், ஒவ்வொரு வரிசைக்கு மேலேயும் அது இருக்கிறது, இரண்டு பேரும் அதை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. பிறகு பயணிகளிடம் ஓடுபாதை தயாராக இல்லை, ஒரு சுற்றுச் சுற்றி இறங்குகிறோம் என்று அறிவித்தார். கூசாமல் சொன்னார்.

மறுபடியும் இறங்கினார்கள். மெதுவாகத்தான் இறக்கினார், ஆனாலும் காது மூடத்தான் மூடியது, விசிறி தள்ளிப்போனது, முருகா தள்ளிப்போனது, குழந்தையின் அழுகை மெலிந்து வாய் மட்டும் மிஞ்சியது. ஊசி திரும்ப வந்தது. பயமாக இருந்தது, முன்னைவிட அதிகமாகப் பயமாக இருந்தது, இப்போது எதற்குப் பயப்பட வேண்டுமோ அதற்கு மட்டும் பயமாக இருந்தது. கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள். விளக்கு அசையாமல் எரிகிறது. என் கதவு எது, இடது பக்கம். கைப்பிடியைத் திருப்புவதற்கு முன் ஜன்னல். அந்தக் கோடியில் ரெய்னாவின் உதடு அசைவது தெரிந்தது, பெல்ட்டை அவிழுங்கள், பெட்டியை விடுங்கள், இந்தப் பக்கம் வாருங்கள், சொல்லுக்குச் சொல் இவள் மனசுக்குள் ஓடுகிற அதே ஒத்திகை, இவள் சொல்லிக்கொடுத்ததுதானே. யார் எனக்கு உதவுவார்கள் என்ற இடம் வந்தது. ரெய்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கைப் பார்த்தாள், பிறகு இவளைப் பார்த்தாள். மங்கை தலையை ஆட்டினாள். ஒத்திகை அன்றைக்கு முதல் தடவையாக எங்கேயும் மாட்டாமல் முடிந்தது.

உப்பளம் போனது, முள்ளுக்காடு போனது, லாரி இருந்த ரோடு போனது, விளக்கு ஒரு தடவைகூடக் கண் சிமிட்டவில்லை. சக்கரம் தரையைத் தொட்ட சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை, உள்ளங்காலில் தெரிந்தது. விமானம் நின்றதும் எல்லோரும் எழுந்து பெட்டியை எடுத்தார்கள், போனை எடுத்தார்கள். மங்கை தன் போனை எடுக்கவில்லை. நாளைக்குப் பெயருக்கு எதிரே என்ன இருக்கும் என்று பார்க்க வேண்டியதில்லை, தெரியும், இரண்டு பேருக்கும் தெரியும். கதிரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. எழுந்து, ஜன்னல் வழியாக வெளியே ஒரு தடவை பார்த்துவிட்டு, கைப்பிடியைத் திருப்பிக் கதவைத் திறந்தாள்.